எட்டு பிஸ்டனுக்குத் தலை ஆடி

இதை நம்பறதும் நம்பாததும் உங்க பாடு. சந்தேகம் இருந்தா உடுமலையில பஸ் ஏறி, வேலமரத்தூர்னு டிக்கெட் கேட்டு, கல்யாண மண்டபத்து ஸ்டாப்புல இறங்கி யாரை வேணும்னாலும் கேளுங்க. "ஆமா, எட்டு பிஸ்டனைக் கட்டிக் குடுத்தோம், அதுக்கென்ன இப்ப?"ன்னு சொல்லிட்டு அவங்கவங்க வேலையைப் பார்ப்பாங்க. இந்த ஊர்ல அதுக்கு மேல யாரும் அதைப் பத்தி ஆச்சரியப்பட மாட்டாங்க.

என் பேரு மௌனிகா. பேருக்கும் ஆளுக்கும் பொருத்தமே இல்லைன்னு எல்லாரும் சொல்லியாச்சு, நீங்களும் சொல்ல வேண்டாம். பிளஸ் ஒன் பாதியில பள்ளிக்கூடத்தை விட்டேன். படிப்பு வராம இல்ல, உக்காரத்தான் வரல. மண்டபத்துக்கு நேர் எதிர்ல எங்கப்பா திருமூர்த்தி கார் ஒர்க்சாப் வச்சிருக்கார். அங்க போய் நின்னேன், நின்னவ நின்னதுதான். ரெண்டு வருசத்துல இன்ஜினை இறக்கறது, பிரிக்கறது, பூட்டறது எல்லாம் நானே பண்ணினேன். ஆனா அப்பாவுக்கு மட்டும் மனசு ஆறல. பொள்ளாச்சி ரோட்டுல ஒரு டுட்டோரியல் இருக்கு, அதுல உக்கார வச்சு பிளஸ் டூ எழுத வைக்கணும்னு வருசா வருசம் ஆரம்பிப்பார். இந்த வருசம் எனக்குப் பதினெட்டு முடிஞ்சு லைசென்சும் வந்துட்டதால, ஒரு பேச்சு முடிவா பேசிக்கிட்டோம். அப்ப எங்ககிட்ட ரெண்டு கார் வந்திருந்துது. ரெண்டும் ஆடி முடியறதுக்குள்ள ஒழுங்கா ஓடிட்டா நான் ஒர்க்சாப்புலயே இருக்கலாம், ஒண்ணு நின்னாலும் டுட்டோரியல். "வாக்குக் குடுத்துட்டு அப்பறம் மாத்தக்கூடாது"ன்னேன். "நான் மாத்த மாட்டேன், நீ அழக்கூடாது"ன்னார்.

அந்த ரெண்டு காரும் இந்த ஊருக்கு மாப்பிள்ளை அழைப்புக் கார். வாய்க்காலுக்குக் கிழக்கே அரிசி மில்லு ராக்கியண்ணனோட லேண்ட்மாஸ்டர். வாய்க்காலுக்கு மேற்கே பாவாயக்காவோட பழைய அம்பாசடர். அக்கா ஒரு காலத்துல டவுன் பஸ் விட்டவங்க, இன்னைக்கும் யார் பேசினாலும் விசில் ஊதற மாதிரிதான் பதில் சொல்லுவாங்க. இந்த ஊர்ல தலைமுறை தலைமுறையா எந்த மாப்பிள்ளையா இருந்தாலும் மாலையும் வேர்வையுமா இந்த ரெண்டுல ஒண்ணுலதான் ஏறி, பிள்ளையார் கோயில்ல இருந்து மண்டபத்துக்கு வருவான். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துல ரெண்டு வண்டியையும் கூப்பிட்டுட்டாங்க. எது முன்னால போறதுன்னு தகராறு வந்து, கடைசியில மாப்பிள்ளை நடந்தே போனான். அன்னைல இருந்து ராக்கியண்ணனும் பாவாயக்காவும் பேசிக்கறதில்ல. நேருக்கு நேர் வந்தா ஒருத்தர் ஆகாசத்தைப் பார்ப்பார், ஒருத்தர் செருப்பைப் பார்ப்பாங்க.

ரெண்டு இன்ஜினும் ஒரே சமயத்துல புகை கக்க ஆரம்பிச்சது யார் செஞ்ச புண்ணியமோ தெரியல. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே ரத்தம், ஒண்ணு முன்ன பொறந்தது, ஒண்ணு பின்ன பொறந்தது. பிரிச்சுப் போட்டா எது எதோடதுன்னு எனக்கே ஒரு நிமிசம் குழம்பும். லேண்ட்மாஸ்டருக்கு போரிங் அடிச்சதுல துளை பெருசாயிருச்சு, அதோட பிஸ்டன் உள்ள போட்டா லொடலொடன்னு ஆடுது. அம்பாசடருக்கு பிளாக் கீறிப் போய் லைனர் இறக்கினதுல துளை சின்னதாயிருச்சு, அதோட பிஸ்டன் வாசல்லயே நிக்குது, உள்ள போக மாட்டேங்குது. புது பிஸ்டனுக்கு அப்பா கோயமுத்தூர் பூரா அலைஞ்சார், கிடைக்கல. நான் சும்மா ஒரு பக்கத்து பிஸ்டனை எடுத்து அடுத்த பக்கத்து துளையில விட்டுப் பார்த்தேன். எண்ணெய் தடவின விரல்ல மோதிரம் இறங்கற மாதிரி இறங்குச்சு. அதோடது இதுக்கு, இதோடது அதுக்கு. நாலு குடுத்து நாலு எடுத்தாச்சு.

இதுவரைக்கும் தப்பு எதுவும் இல்ல. அடுத்து நடந்ததுதான் விசயம். எங்க ஒர்க்சாப்புல இன்ஜின் வேலை முடிஞ்சா, கண்ணு படாம இருக்கறதுக்கு அப்பா ஒரு கொம்பு மஞ்சளை மஞ்சக் கயித்துல கோத்து பிளாக்கைச் சுத்திக் கட்டுவார். எல்லா வண்டிக்கும் கட்டறதுதான். ஆனா அன்னைக்கு வைகாசி முகூர்த்தம். எதிர் மண்டபத்துல ஐயர் கையைத் தூக்கறதும், மைக்குல கெட்டிமேளம் கொட்டறதும், எங்கப்பா ரெண்டு இன்ஜினுக்கும் மூணாவது முடிச்சு போடறதும் ஒரே நேரத்துல நடந்துபோச்சு. மண்டபத்து வாசல்ல யாரோ எறிஞ்ச அட்சதையில நாலு அரிசி பறந்து வந்து லேண்ட்மாஸ்டர் மேல விழுந்துச்சு. நான் ஊதி விட்டேன். அவ்வளவுதான் நடந்துச்சு, அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க.

வண்டி ரெண்டும் சும்மா பட்டு மாதிரி ஓடுச்சு, ஆனி மாசம் வரைக்கும். ஆனி முகூர்த்தத்துல, சீப்பு வியாபாரி வீட்டு மாப்பிள்ளை லேண்ட்மாஸ்டர்ல ஏறினான். பிள்ளையார் கோயில்ல இருந்து வலது பக்கம் திரும்பினா மண்டபம். வண்டி இடது பக்கம் திரும்புச்சு. டிரைவர் ஸ்டீரிங்கைப் புடிச்சுத் தொங்கறான், வண்டி அதும்பாட்டுக்குப் போகுது. முன்னால போன பேண்டு வாத்தியக்காரங்க திரும்பிப் பார்த்துட்டு, இப்பப் பின்னாலதான் போறோம்னு புரிஞ்சுக்கிட்டு, வாசிப்பை விடாம ஓடி வர்றாங்க. அதுக்குப் பின்னால ஆடிக்கிட்டே மாப்பிள்ளையோட சித்தப்பாக்கள். அவங்களுக்கு எங்க போறோம்னு கவலையே இல்ல. வண்டி வாய்க்கால் பாலத்தைத் தாண்டி நேரா பாவாயக்கா வீட்டு வாசல்ல போய் நின்னு, யாரும் தொடாமலே நாலு தடவை ஆரன் அடிச்சுச்சு.

பாவாயக்கா வெளிய வந்து, ராக்கியண்ணன் வண்டிங்கறதால வண்டியைப் பார்க்காம, மாப்பிள்ளையை மட்டும் பார்த்தாங்க. "யாரப்பா நீ?"

"மாப்பிள்ளைங்."

"என்ற வீட்டுல பொண்ணு இல்லியே சாமி."

"தெரியுங். வண்டிதான் வந்துருச்சுங்."

மாலையோட வாசல்ல வந்து நிக்கறவனை வெறும் ஆளா அனுப்ப முடியுமா? அக்கா உள்ள போய் மஞ்சத்தண்ணி கரைச்சுட்டு வந்து ஆரத்தி சுத்தி, நெத்தியில பொட்டு வச்சு, "நடந்து போயிரு, நேரமாச்சு"ன்னு அனுப்பினாங்க. வண்டி மட்டும் அங்கயே நின்னுக்கிச்சு. அதே வாரத்துல அம்பாசடர் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுபோய் மில்லு வாசல்ல நிறுத்துச்சு. ராக்கியண்ணன் தவிட்டு மூட்டைக்கு நடுவுல நின்னுக்கிட்டு அவனுக்கு சோடா உடைச்சுக் குடுத்தார்.

அப்பா ஸ்டீரிங்கைப் பிரிச்சார், ஆக்சிலைப் பார்த்தார். நான் கார்புரேட்டரைக் கழட்டி மாட்டினேன். ஒரு குறையும் இல்ல. மண்டபத்து வாசல்ல பூக்கட்டற ரங்கநாயகம்மா எங்களையே பார்த்துட்டு இருந்துட்டு, பல்லுல நாரைக் கடிச்சபடியே சொன்னாங்க: "புதுசாக் கட்டிக் குடுத்த புள்ளைங்க பொறந்த வீட்டுக்கு ஓடுது. இதுல எதைப் பிரிச்சுப் பார்க்கறீங்க? உங்கப்பன் தாலி கட்டறதை நான்தான் இங்க இருந்து பார்த்துட்டு இருந்தேனே."

"அப்பவே சொல்லிருக்கலாமில்ல?"ன்னு கேட்டேன்.

"நல்ல காரியம் நடக்கறப்ப யாராச்சும் குறுக்க பேசுவாங்களாக்கும்?"

ஊர் பூரா அன்னைக்கே பரவிருச்சு. இன்ஜினுக்குக் கல்யாணமான்னு ஒரு ஆள் வாயைப் பொளக்கணுமே? இல்ல. எல்லாருக்கும் ஒரே கோபம், எங்களைக் கூப்பிடலையேங்கறதுதான். டீக்கடை சுப்புராசண்ணன் டீ டம்ளரைப் பலகையில வைக்காம என் கையில திணிச்சார். "எட்டுக் கல்யாணம் ஒரே நாள்ல முடிச்சிருக்கீங்க, ஒரு வாய் கேசரி இல்ல. பத்திரிகை வேண்டாம், வாய் வார்த்தையா ஒரு சொல்லு சொல்லியிருந்தா வந்து நின்னிருக்க மாட்டோமா? நாங்கென்ன ஒறம்பரை, சொந்தபந்தம் இல்லையா?"

அதுக்கப்பறம் முறை என்னன்னு ஒரு சண்டை. ஒரே கம்பெனியில பொறந்ததால ரெண்டும் அண்ணன் தம்பி, பங்காளிக்குள்ள கொடுக்கல் வாங்கல் பண்ணினது மகா பாவம்னு பிள்ளையார் கோயில் பண்டாரம் சொன்னார். அப்படி இல்ல, ஒண்ணு பின்னால வந்த மாடல், அதனால அத்தை வழி, மாமன் மச்சான் முறைதான்னு சுப்புராசண்ணன் சொன்னார். உண்மையைச் சொல்லணும்னா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா டீக்கடை ஒரு வாரம் நிரம்பி வழிஞ்சுது. கடைசியில ரெண்டு பேரும் என்னைக் கூப்பிட்டு, "நீதான் உள்ள பார்த்தவ, சொல்லு"ன்னாங்க. "பொருந்துச்சு, போட்டேன். பொருந்தலைன்னா போட்டிருக்க முடியாது"ன்னேன். அதைக் கேட்டுட்டு பண்டாரம் கொஞ்ச நேரம் யோசிச்சு, அப்ப மாமன் மச்சான்தான்னு ஒத்துக்கிட்டார்.

ஆடி பொறந்துச்சு. புதுப் பொண்ணுக்குத் தலை ஆடி. பொறந்த வீட்டுல இருந்து சீரோட வந்து அழைச்சுட்டுப் போகணும். அதுவரைக்கும் ஒரே திசையிலயாவது ஓடிட்டு இருந்த வண்டிங்க இப்ப அவங்கவங்க கார் செட்டை விட்டு நகரல. ஸ்டார்ட் பண்ணினா உள்ள இருந்து விக்கி விக்கி ஒரு சத்தம், அப்பறம் நின்னுரும். டுட்டோரியல்ல சேர்க்கை நடந்துட்டு இருந்துது. அப்பா எனக்குப் புதுசா ஒரு பை வாங்கி ஆணியில மாட்டி வச்சார். நான் அந்தப் பக்கமே பார்க்கல.

பாவாயக்கா வீட்டுக்குப் போனேன். "அக்கா, உங்க பொண்ணுங்களை அழைச்சுட்டு வாங்க."

"நானு மாப்பிள்ளை வீடு அம்மிணி. அவன் பொண்ணுங்க நாலு என்ற வண்டியில இருக்குது. பொண்ணைக் குடுத்தவன்தான் முதல்ல என்ற வாசலுக்கு வரோணும்."

மில்லுக்குப் போனேன். ராக்கியண்ணன் அதையே வார்த்தை மாறாம சொன்னார். "நான் மாப்பிள்ளை வீடு கண்ணு. பஸ்ஸுக்காரம்மா வரட்டும்."

பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தா இதுதான் வம்பு. ரெண்டு பேருமே மாப்பிள்ளை வீடு, ரெண்டு பேருமே பொண்ணு வீடு, ஆனா தன்னோட பொண்ணு வீட்டுப் பக்கம் மட்டும் யார் கண்ணுக்கும் தெரியாது. வெயில்ல வாய்க்காலை நாலு தடவை தாண்டினேன். அஞ்சாவது தடவை மில்லு வாசல்லயே நின்னு கத்தினேன்: "யாரும் முதல்ல போக வேண்டாம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கிளம்புங்க. கோயில் மணி அடிக்கறப்ப ரெண்டு பக்கமும் வண்டியை எடுக்கணும். யாரும் யாருக்கும் முந்தல, முடிஞ்சுது."

ராக்கியண்ணன் கண்ணை மூடி யோசிச்சார். "அந்தம்மா ஒத்துக்குமா?"

"அவங்க ஒத்துக்கிட்டாங்கன்னு உங்ககிட்ட சொல்லுவேன், நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு அவங்ககிட்ட சொல்லுவேன். ரெண்டு பேரும்தான் பேசிக்கறதில்லையே."

வெள்ளிக்கிழமை காலையில கோயில் மணி அடிச்சுது. பொறந்த வீட்டுக்குன்னு சொன்னதும் ரெண்டு வண்டியும் ஒரே ஸ்டார்ட்ல கிளம்புச்சு. லேண்ட்மாஸ்டரை நான் ஓட்டினேன், பின்னால ராக்கியண்ணன், மடியில நாலு பட்டுச்சேலை, நாலு டஜன் வளையல், ஒரு தூக்கு முறுக்கு. அம்பாசடரை அப்பா ஓட்டினார், அதுல பாவாயக்கா, அதே மாதிரி சீர், முறுக்குக்குப் பதிலா அதிரசம். கிழக்கே பாதி ஊர், மேற்கே பாதி ஊர், தட்டைத் தலையில வச்சுக்கிட்டு நடந்து வருது. நானும் யோசிக்கல, அப்பாவும் யோசிக்கல, அத்தனை பெரிய மனுசங்கள்ல ஒருத்தரும் யோசிக்கல: ரெண்டு வண்டியும் எதிரும் புதிருமா ஒரே நேரத்துல கிளம்பினா, நடுவுல இருக்கறது ஒரே பாலம். அதுல ஒரு மாட்டு வண்டி போனா சைக்கிள் ஒதுங்கி நிக்கணும்.

நட்ட நடுப் பாலத்துல பம்பரும் பம்பரும் முத்தம் குடுத்து நின்னுச்சு.

அப்பா தலையை வெளிய நீட்டி, "பின்னால எடு"ன்னார்.

"நீங்க எடுங்க."

"நான் உன்ற அப்பன்."

"இன்னைக்கு நீங்க அக்கா வீட்டு டிரைவர்."

எனக்குப் பின்னால இருந்து, "எடுக்காத கண்ணு, நம்ம வண்டி எதுக்குப் பின்வாங்கோணும்?"னு ராக்கியண்ணன் சொன்னார். அந்தப் பக்கத்துல இருந்து பாவாயக்கா, "ரைட்ல போ, ரைட்ல போ!"ன்னாங்க. ரைட்ல வாய்க்கால்தான் இருந்துது. சரி, எனக்குத்தானே டுட்டோரியல், எனக்குத்தானே அவசரம்னு நானே ரிவர்ஸ் போட்டேன். கியர் விழவே இல்ல. நியூட்ரல்ல விட்டு ஆளுங்க முன்னால இருந்து தள்ளினாங்க. சுப்புராசண்ணன், பண்டாரம், பேண்டு வாத்தியக்காரங்கன்னு பத்துப் பேர் பம்பர் சந்துல காலை வச்சு நெக்கினாங்க. ஒரு இஞ்ச் அசையல.

"எப்படி அசையும்?"னு ரங்கநாயகம்மா கரையில இருந்து சொன்னாங்க. "பொறந்த வீட்டுக்குக் கிளம்பின புள்ளையைக் கழுத்தைப் புடிச்சுப் பின்னால தள்ளினா போகுமா? நீங்க போவீங்களாடா?"

வெயில் ஏறுச்சு. அதிரசத்துல எறும்பு வந்துச்சு. நான் டுட்டோரியல் பெஞ்சுல உக்கார்ந்து கணக்கு நோட்டுல பிஸ்டன் படம் வரையற மாதிரி எனக்கே தெரிஞ்சுது. அப்பத்தான் ரெண்டு இன்ஜினும் அந்தச் சத்தத்தை ஆரம்பிச்சுது, விக்கி விக்கி, ஒண்ணைப் பார்த்து ஒண்ணு.

பாவாயக்கா காதைச் சாய்ச்சாங்க. "என்ன சத்தமப்பா அது?"

"வால்வைத் தட்டற டேப்பட் சத்தங்க்கா"ன்னார் அப்பா.

எனக்கு அதுக்கு மேல பொறுக்கல. கதவைத் திறந்து பேனட்டு மேல ஏறி நின்னுட்டேன். "டேப்பட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அக்கா, உங்க பொண்ணுங்க நாலும் இதோ என் காலுக்குக் கீழ இருக்குது. அதுகளைப் பெத்த நீங்க அந்த வண்டியில உக்கார்ந்துக்கிட்டு எங்கதான் போய்ச் சேரப் போறீங்க? வாசலும் கூரையுமா அதுக கேக்குது? நீங்க வந்தா போதாதா? அண்ணா, உங்களுக்கும்தான் சொல்றேன். இறங்குங்க."

டவுன் பஸ்ஸையே அடக்கி ஆண்ட பாவாயக்கா முகத்தைத் துடைச்சுக்கிட்டு இறங்கி, கைப்பிடிச் சுவரைப் புடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல நடந்து வந்து, லேண்ட்மாஸ்டர் பேனட்டு மேல உள்ளங்கையை வச்சாங்க. நல்லா சுட்டிருக்கும். கையை எடுக்கல. "அழுவாதீங்க சாமி. அம்மா வந்துட்டேன்."

விக்கல் நின்னுபோச்சு. அக்கா பின் கதவைத் திறந்து உள்ள ஏறறப்ப, ராக்கியண்ணன் அந்தப் பக்கத்துக் கதவால இறங்கினார். இறங்கினவர், எந்த முகத்தோட போறதுன்னு தெரியாம முறுக்குத் தூக்கை ஆட்டிக்கிட்டே அம்பாசடர் முன்னால போய் நின்னு, தொண்டையைச் செருமி, "நல்லாத்தான் வச்சிருக்காங்களா கண்ணுகளா?"ன்னு கேட்டார். அம்பாசடர் ஒரு சின்ன ஆரன் அடிச்சுது. "வச்சிருக்கறாங்களாம்"னு ஊரைப் பார்த்து ராக்கியண்ணன் சொன்னார். பாவாயக்காவைப் பார்த்துச் சொல்லல, ஆனா அவங்களுக்குக் கேக்கற மாதிரி சொன்னார்.

நான் ரிவர்ஸ் போட்டேன். வெண்ணெய்க்குள்ள கத்தி போற மாதிரி விழுந்துச்சு. பெத்தவங்க பக்கத்துல இருந்தா அதுகளுக்குக் கிழக்கென்ன, மேற்கென்ன? பாலத்தை விட்டு இறங்கி ஒதுங்கி வழி விட்டேன், அம்பாசடர் மில்லுக்குப் போச்சு, லேண்ட்மாஸ்டர் அக்கா வீட்டுக்குப் போச்சு, ஊர் வாய்க்கால் கரையிலயே இலை போட்டுச் சாப்பிட்டுச்சு. சுப்புராசண்ணன் கேசரியை மூணு தடவை வாங்கிட்டு, "கொஞ்சம் நெய் பத்தல"ன்னு சொல்லித் தன் கோபத்தை முடிச்சுக்கிட்டார். இப்பவும் எந்தக் கல்யாணத்துலயும் பாருங்க, ராக்கியண்ணன் வண்டி கிளம்பணும்னா மாப்பிள்ளைக்குப் பக்கத்துல பாவாயக்கா உக்காரணும், பாவாயக்கா வண்டி கிளம்பணும்னா ராக்கியண்ணன் உக்காரணும். போட்டோவுல மாப்பிள்ளையை விட அவங்கதான் பெருசாத் தெரியறாங்க. ரெண்டு பேரும் இன்னும் நேரா பேசிக்கறதில்ல. எது பேசினாலும் வண்டி வழியாத்தான்.

வெள்ளிக்கிழமை போச்சு, சனி, ஞாயிறும் போச்சு. ரெண்டு வண்டியும் ஓடிருச்சு, ஆடியும் முடியல, பேச்சுப்படி நான் ஜெயிச்சாச்சு. ஆனா எங்கப்பா வாயே திறக்கல. பையும் ஆணியிலயே தொங்குச்சு. கேக்கலாம்னா, கேட்டு அவர் மாத்திப் பேசிட்டா என்ன பண்றதுன்னு முதல் தடவையா எனக்கு வாய் வரல.

திங்கட்கிழமை காலையில டுட்டோரியல் வேன் வாசல்ல வந்து நின்னுச்சு. அப்பா எப்பவோ சொல்லி வச்சிருந்தது. உள்ள பத்துப் பதினஞ்சு பசங்க தூங்கி வழிஞ்சுட்டு இருந்தாங்க. டிரைவர் எட்டிப் பார்த்து, "திருமூர்த்திண்ணா, பாப்பா ரெடியா?"ன்னார். நான் லேண்ட்மாஸ்டரோட பழைய பிஸ்டன் ரிங்கைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன்.

அப்பா கையைத் துடைச்சுக்கிட்டே வெளிய வந்தார். என்னைப் பார்க்கல. வேனைச் சுத்தி ஒரு நடை நடந்தார். சைலன்சர் பின்னால குனிஞ்சு நின்னார். "என்னப்பா, புகை வருது?"

"கொஞ்சமாத்தானுங்ண்ணா வருது."

"இந்த வண்டியில எம்பொண்ணை எப்படி ஏத்தறது? பசங்களை இறக்கி டவுன் பஸ்ஸுல அனுப்பு. வண்டி இங்கயே நிக்கட்டும். இவ பார்த்து சரி பண்ணிக் குடுப்பா, அதுக்கப்பறம் இதுலயே ஏறி வருவா."

"எவ்வளவு நாளாகும் பாப்பா?"ன்னு டிரைவர் என்னைக் கேட்டார்.

புகையைப் பார்த்தேன். ஏர் ஃபில்டர் அடைப்பு, கண்ணுக்கே தெரியுது. இன்ஜின் விசயத்துல மட்டும் எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்ல. "நாள் எதுக்கு? அரை மணி நேரத்துல…"

எங்கப்பா செருப்புக் காலால என் காலை நச்சுன்னு மிதிச்சார்.

"அவ பச்சைப் புள்ளப்பா, அவளுக்கு என்ன தெரியும்?"னார் டிரைவர்கிட்ட. "ரெண்டு வருசம் ஆகும்."